பதினோரு லட்சம் மைக்ரோவோல்ட்டும் என் முழங்கையும்

பூன் லே எம்ஆர்டி நிலையத்தில் இறங்கும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் கூத்துக் கொட்டகையின் பின்பக்கத் தட்டியை விலக்கிப் பார்த்திருக்கிறேன். சற்றுமுன் மேடையில் கர்ஜித்துவிட்டு வந்த துரியோதனன், கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. எதைப் பார்த்தாலும் அதன் பின்பக்கத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இன்றைக்கு வாய்த்திருப்பது ரொம்பச் சின்னக் கொட்டகை. ஒரு கம்ப்யூட்டர் போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததிலிருந்து அது உயிர் வந்து எதையாவது காட்டும்வரை சில வினாடி போகுமே, அந்த இடைவெளிதான். வீட்டு ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு "வருதா, வருதா" என்று விளக்கையே முறைத்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த நேரம். உள்ளே யார் முதலில் கண் விழிக்கிறார்கள், யார் யாரை எழுப்புகிறார்கள் என்று காட்டுவதாக ஒரு அக்கா சொல்லியிருந்தார். மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர், சிங்கப்பூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பகலில் சம்பளத்துக்கு சாஃப்ட்வேர், இரவில் ஆசைக்கு பூட்லோடர், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் நிரல். "வெள்ளிக்கிழமை ராத்திரி வாங்க தம்பி. ஆனா ஒரு கண்டிஷன். வரும்போது சாப்பாடு வாங்கிட்டு வரணும்."

ஜூரோங் பாயிண்டின் குளிரை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குப் போகும் 199க்குப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். புதிய ஜூரோங் வட்டார ரயில் பாதைக்காகத் தடுப்பு போட்டுத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சூ பூன் லே என்ற வியாபாரியின் தோட்டம். மிளகும் காம்பிரும் ரப்பரும் விளைந்த மண்ணில் இன்றைக்கு அடுக்குமாடிகள் விளைந்திருக்கின்றன. அவர் பெயர் மட்டும் ரயில் அறிவிப்பில் நாள் முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கிறது.

வியர்க்க வியர்க்க பூன் லே பிளேஸ் உணவு நிலையத்துக்கு நடந்தேன். அக்கா சொன்ன கடையின் பெயரைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். பவர் நாசி லெமாக்! பவர் மேனேஜ்மென்ட் சிப்பைப் பார்க்கப் போகிறவன் கையில் வேறு என்ன இருக்க வேண்டும்? மூன்று பொட்டலம். தேங்காய்ப்பால் சோற்றின் வாசனையும் சம்பல் காரமும் மின்தூக்கியில் என்னோடு பதினோராம் மாடி ஏறின. உடன் வந்த மலாய் மூதாட்டி பொட்டலத்தைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

கதவைத் திறந்தது அக்காவின் அம்மா. ஊரிலிருந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். "வாங்க தம்பி. நீங்களும் அந்த பொந்துக்குள்ள போகப்போறீங்களா?" என்றார். பொந்து என்றது எதை என்று அடுத்த நிமிஷம் தெரிந்தது.

1990களின் இறுதியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் கனத்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சின்ன அறை இருக்கும். போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. போர் வராததால் எல்லார் வீட்டிலும் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் ஒளிந்திருக்கும். அக்கா வீட்டில் அது பரிசோதனைக்கூடம். ஜன்னல் கிடையாது, ஏசி கிடையாது. இரும்புக் கதவை அகலத் திறந்து வைத்து, வாசலில் ஒரு டேபிள் ஃபேன். மூன்று பேர் உள்ளே போனால் நாலாவதாகக் காற்று போக இடமில்லை.

உள்ளே நான் கண்டவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். சிம் லிம் டவரில் வாங்கிய வண்ண வண்ண ஜம்பர் ஒயர்கள் மல்லிகைச் சரம்போல ஆணியில் தொங்குகின்றன. முறுக்கு டப்பாவில் ரெசிஸ்டர்கள். முறுக்கோ ரெசிஸ்டர் டப்பாவில். சால்டரிங் அயர்னுக்குப் பக்கத்தில் ஒரு விபூதிச் சம்படம். சுவரில் டேப் ஒட்டிய காகிதத்தில் பெரிய எழுத்தில் 'முதலில் வோல்டேஜ், பிறகு ஸ்பீடு'. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'முதலில் சாப்பாடு'. எழுதியவர் வாசற்படியில் சம்மணம் போட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். 199 பிடித்து வந்த பல்கலைக்கழக மாணவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி. "அண்ணே, சம்பல் எக்ஸ்ட்ரா கேட்டீங்களா, இல்லையா லா?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

அறையின் நடுவில், கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடைமேல், கதாநாயகி. சீட்டுக்கட்டு அளவில் கறுப்பாக ஒரு போர்டு. பீகிள்போன் பிளாக், 2013இல் வந்த மாடல். ஆயிரக்கணக்கான பேர் கைபட்டுப் பழகிய வண்டி. அதில் அக்கா விரல்நுனியால் தொட்டுக் காட்டிய சதுரம் ஆறு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. "இதான் நம்ம ஆளு. டிபிஎஸ்65217. எல்லாரும் பக்கத்துல இருக்கிற பெரிய பிராசஸரைத்தான் படம் எடுப்பாங்க. இது இல்லேன்னா அது வெறும் கல்லு."

என்ன செய்கிறார் இந்த ஆள்? வெளியிலிருந்து வருவது ஒரே ஐந்து வோல்ட். உள்ளே குடியிருப்பவர்களுக்கோ ஆளுக்கொரு நாக்கு. மெமரிக்கு 1.5 வோல்ட், பிராசஸரின் மையத்துக்கு 1.1, வெளி உறுப்புகளுக்கு 3.3, வேறு சிலவற்றுக்கு 1.8. அதுவும் சும்மா ஊற்றினால் போதாது, யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று வரிசை உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, அப்புறம்தான் சாதம் என்கிற மாதிரி. முதல் சுற்றுப் பரிமாறலைச் சிப்பே தெரிந்து வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்காவது கூடக்குறைய வேண்டுமானால் பூட்லோடர் வந்து இரண்டு கம்பி வழியாகக் காதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு கம்பிப் பேச்சுக்குப் பெயர் ஐடூசி.

"பிராசஸரை ஒரு கிகாஹெர்ட்ஸ்ல ஓட விடணும்னு வைங்க," அக்கா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "1.1 வோல்ட் பத்தாது. 1.325க்கு ஏத்தணும். முதல்ல இவர்கிட்ட போய்க் கேட்டு வோல்டேஜை ஏத்திட்டு, அப்புறம்தான் ஸ்பீடை ஏத்தணும். மாத்திச் செஞ்சா பையன் பாதி ஓட்டத்துல மயங்கி விழுந்துருவான்." சுவரிலிருந்த காகிதத்தின் பொருள் இப்போது எனக்குப் புரிந்தது. இரண்டு வாசகங்களின் பொருளும்.

மின்சாரம் கொடுத்தார். பளிச்சென்று நீல விளக்கு. எனக்கு ஒரு நொடி மூச்சு நின்றது. "இது எரிஞ்சாலே பாதி நிம்மதி. ஒரு தரம் மின்னிட்டு அணைஞ்சா, எங்கேயோ ஏதோ இழுக்குதுன்னு அர்த்தம்." அம்மா எட்டிப் பார்த்தார். "லைட்டு எரியுதான்னு பார்க்கிறதுக்கா இஞ்சினியருக்குப் படிச்சே?"

மடிக்கணினித் திரையில் எழுத்துகள் உருண்டோடின. ஒரு வரியில் 'ஹிட் எனி கீ டு ஸ்டாப் ஆட்டோபூட்' என்று வந்து, பக்கத்தில் இரண்டு, ஒன்று என எண்ணிக்கை இறங்கியது. "அமுக்குங்கண்ணே, அமுக்குங்க!" என்று தம்பி கத்தினார். நான் ஸ்பேஸ் பட்டனை அடித்தேன். ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றது. கம்ப்யூட்டர் இன்னும் கம்ப்யூட்டர் ஆகவில்லை, லினக்ஸ் இன்னும் வரவில்லை, நான் அதன் வாசலில் கையை நீட்டி மறித்து நிற்கிறேன்! நாற்பது வயசுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் தகுமா என்று கேட்காதீர்கள்.

நான் மறித்தது யூ-பூட் என்ற பூட்லோடரை. ஜெர்மனிக்காரர் வொல்ஃப்காங் டெங்க் வளர்த்த பிள்ளை. பிபிசிபூட் என்ற பெயரில் தவழ்ந்து, 2002இல் யூ-பூட் ஆனது. 'டாஸ் பூட்' என்று 1981இல் வந்த நீர்மூழ்கிக் கப்பல் படத்தின் பெயரோடு ஒரு விளையாட்டு. கப்பல்போலவே தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும், யார் கண்ணிலும் படாது. ரூட்டர், கிண்டில் என்று அது ஏறாத சாமான் குறைவு. டெங்க் 2022இல் காலமானார். அக்கா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பார்த்தது கிடையாது, பேசினது கிடையாது. ஆனா அவர் எழுதின வரியைத் தினம் தொடுறேன் இல்லையா?"

சரி, இன்றிரவு இவர்கள் செய்யப்போகும் வேலை என்ன? சொன்னால் சிரிப்பீர்கள். ஒட்டடை அடிப்பது.

அக்காவிடம் கைக்குப் பழகிய போர்டுகள் நான்கு இருக்கின்றன. நான்கிலும் இதே மின் சிப். ஆனால் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாக எழுதிய கோப்பில் இதே சிப்பை எழுப்பும் வரிகள் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில் மாறியின் பெயர் 'வோல்ட்', இன்னொன்றில் 'விவோல்ட்', மூன்றாவதில் 'டெம்ப்'. நான்காவதில் 'சாமி'. "அது ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதினது," என்றார் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான்கு வீட்டில் நான்கு தண்ணீர்த் தொட்டி. ஒன்றில் ஓட்டை அடைத்தால் மற்ற மூன்றிலும் ஒழுகும். எல்லாவற்றையும் ஒரே டிரைவராக்கி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எழுதும்போது மணி எட்டேகால்.

யூ-பூட்டுக்குள்ளேயே இந்த வீட்டு மாற்றம் பல வருஷக் கதை என்று தம்பி டைரக்டரிகளைத் திறந்து காட்டினார். என்னைப் பழைய தெருவொன்றைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனது போலிருந்தது. முன்னொரு காலத்தில் மின் சிப்களின் டிரைவர்கள் 'மிஸ்க்' என்ற அறையில் கிடந்தன. வகைப்படுத்தத் தெரியாததையெல்லாம் போடுகிற இடம், நம் வீட்டுப் பரண். பிறகு 'பவர்' என்ற வீடு கட்டி, அதற்குள் 'பிமிக்' என்று ஓர் அறை. பவர் மேனேஜ்மென்ட் ஐசி என்பதை இவர்கள் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 2014 வாக்கில் சைமன் கிளாஸ் டிரைவர் மாடல் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் சாம்சங்கில் இருந்த ஷெமிஸ்வாஃப் மார்ச்சாக் அந்த ஒழுங்குக்குள் பிமிக்குக்கு ஒன்று, ரெகுலேட்டருக்கு ஒன்று என இரண்டு வகுப்புகள் எழுதினார். அதாவது சிப் தாய். அதனுள்ளே ஒவ்வொரு வோல்டேஜையும் தருகிற ரெகுலேட்டர் ஒவ்வொன்றும் பிள்ளை. தாயின் முகவரி தெரிந்தால் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடலாம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வோல்ட் என்பது நிரலில் இல்லை, டிவைஸ் ட்ரீ என்ற தனிக் குடும்ப அட்டையில் எழுதியிருக்கும்.

"குடும்ப அட்டை வந்தப்புறம் எல்லாரும் ஒழுங்கா மாறிட்டாங்களா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். தம்பி ஒரு பட்டியலைக் காட்டினார். டிபிஎஸ்65910 என்ற சிப்புக்கு இரண்டு கோப்பு. ஒன்று பழையது, மற்றொன்று அதே பெயரோடு கடைசியில் 'டிஎம்' ஒட்டியது. புது வீட்டுக்கு வந்தவர் பழைய வீட்டுச் சாவியையும் இடுப்பில் செருகியிருக்கிறார். ஏஎக்ஸ்பி குடும்பம் இன்னும் வேடிக்கை. 152, 209, 221, 809, 818 என்று அண்ணன் தம்பிகள் 'பவர்' வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருக்கிறார்கள். அதே குடும்பப் பெயரில் புது முறைப்படி எழுதிய ஒரு கோப்பு மட்டும் உள்ளே 'பிமிக்' அறையில். மாறாக ராக்சிப் நிறுவனச் சிப்களுக்கான ஆர்கே8எக்ஸ்எக்ஸ் கோப்பைப் பார்த்ததும் அக்கா கண்ணில் ஒத்திக்கொள்ளாத குறை. 805, 808, 809, 817, 818 எல்லாம் ஒரே கோப்பு, ஒரே பாய். யார் யாருக்கு என்ன வித்தியாசம் என்று நடுவில் சின்னச் சின்ன அட்டவணைகள். "பாருங்க, என்ன அழகு! கூட்டுக் குடும்பம்னா இது!"

அக்காவின் கனவு அதுதான். நான்கு கோப்பிலும் சிதறிக் கிடக்கும் எண்களைப் பொறுக்கி ஒரே அட்டவணை. எந்த ரெகுலேட்டர் (டிசிடிசி, எல்டிஓ என்று அவற்றுக்குப் பெயர்), அதற்கு எந்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்பை எழுதும் குட்டிப் பெட்டி), எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை. தம்பி வாசிக்க, அக்கா எழுத, நான் ஃபேனைத் திருப்ப.

"டிசிடிசி ஒண்ணு?"

"பதினஞ்சு லட்சம்."

"டிசிடிசி ரெண்டு?"

"பதினோரு லட்சம்."

கூடத்திலிருந்து அம்மா விரைந்து வந்தார். "யாருக்குடி பதினோரு லட்சம்? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பில் புரையேறி, தம்பி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. விஷயம் இதுதான். ரெகுலேட்டர் கணக்கில் வோல்ட்டை வோல்ட்டாக எழுத மாட்டார்கள், புள்ளி வைத்த எண் பூட்லோடருக்கு ஆகாது. எல்லாம் மைக்ரோவோல்ட். 1.1 வோல்ட் என்றால் 11,00,000. அம்மாவுக்கு விளக்கினோம். நம்பியதாகத் தெரியவில்லை. போகும்போது, "பதினஞ்சு லட்சம்னும் காதுல விழுந்துச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சிப்பின் குணச்சித்திரம் ஒன்றையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த டிபிஎஸ்65217 லேசில் பேச்சுக் கேட்கிற ஆளில்லை. வோல்டேஜை மாற்றும் ரெஜிஸ்டர்களுக்குப் பூட்டு. ஒரு ரகசிய எண்ணை, நாம் திறக்கப்போகும் கதவின் எண்ணோடு கலந்து, முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிறகு சொல்ல வந்த மதிப்பைச் சொல்ல வேண்டும். இத்தோடு முடிந்ததா? முக்கியமான கதவென்றால் மறுபடி முதலிலிருந்து எண், மறுபடி மதிப்பு. இரண்டு தடவை ஒரே மாதிரி சொன்னால்தான் நம்பும். "அர்ச்சனைச் சீட்டு கவுன்டர்ல பேரு, நட்சத்திரம்னு ரெண்டு வாட்டி கேப்பாரே, அந்த ஆளு," என்றார் அக்கா. தப்பித்தவறி ஒரு கோளாறான வரி வந்து பிராசஸரைப் பொசுக்கிவிடக்கூடாதே என்ற பயம்தான். நகலெடுத்த நான்கு கோப்புகளில் ஒன்றில் இந்த இரண்டாம் தடவை விட்டுப்போயிருந்தது. அந்த போர்டு ஏன் எப்போதும் சோம்பலாகவே ஓடியது என்பதற்கு அக்காவுக்கு அன்றிரவுதான் விடை கிடைத்தது. "அட பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார், யாரைச் சொன்னார் என்று சொல்லவில்லை. அந்தக் கோப்பில்தான் 'சாமி' இருந்தது.

பத்து மணிக்கு முதல் கம்பைல். எங்கள் மூவர் சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் தம்பி, "ஐயோ, நிரம்பி வழியுது லா" என்றார்.

இதுதான் அன்றைய இரவின் உண்மையான சண்டை, கொஞ்சம் நின்று பார்ப்போம். யூ-பூட் ஒரே மூச்சில் வருவதில்லை. பெரிய மெமரி விழிப்பதற்கு முன்னால் ஒரு குட்டி யூ-பூட் வருகிறது, எஸ்பிஎல் என்று பெயர். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் துக்கடா மெமரியில் அது உட்கார வேண்டும். இந்த பிராசஸரில் அதற்குக் கிடைக்கிற இடம் 109 கிலோபைட். வாட்சப்பில் வருகிற காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. ஆனால் மின் சிப்பிடம் வோல்டேஜ் கேட்கும் வேலை அந்தக் குட்டி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். தாய், பிள்ளை, குடும்ப அட்டை என்று மொத்தச் சீர்வரிசையையும் அங்கே இறக்கினால் சில நூறு பைட் வெளியே நிற்கிறது. பழைய கோப்புகள் ஏன் ஒழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இப்போது எனக்கு ஒரு பதில் கிடைத்தது. எல்லாம் சோம்பேறித்தனம் இல்லை. சின்ன வீட்டில் பாய்தான் விரிக்க முடியும், கட்டில் போட முடியாது. அந்தப் பொந்துக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எஸ்பிஎல்லின் கஷ்டம் உடம்பிலேயே புரிந்தது.

தம்பி, "குட்டி வீட்டுக்குப் பழசையே விட்டுடலாம்கா" என்றார். அக்கா, "அப்புறம் எதுக்கு இந்த வேர்வை?" என்றார். தம்பி மடிக்கணினியை மூடினார். அக்கா முறுக்கு டப்பாவைத் திறந்தார், ரெசிஸ்டர் வந்தது, மூடினார். கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.

சமாதானம் அம்மா கொண்டுவந்த இஞ்சி டீயோடு வந்தது. அட்டவணை ஒன்றுதான், அதை இரண்டு வீட்டுக்கும் பொதுவில் வைப்பது. குட்டி வீட்டில் அதைப் படித்து வோல்டேஜ் கேட்கும் இரண்டே இரண்டு சாதாரண ஃபங்ஷன். பெரிய வீட்டில் முழுக் குடும்ப மரியாதையோடு டிரைவர். எண்கள் ஒரே இடத்தில் இருப்பதால் ஓட்டை அடைத்தால் எங்கும் ஒழுகாது. எனக்கு இது அரைகுறைச் சமரசமாகத்தான் பட்டது. அக்காவிடம் சொன்னேன். "ஆமா தம்பி, அரைகுறைதான். ஆனா உள்ள போகுது பாருங்க," என்று கம்பைல் ஆன திரையைக் காட்டினார்.

நிஜ போர்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு ஒத்திகை. இது எனக்கு அன்றைய இரவின் தித்திப்பு. யூ-பூட்டை போர்டே இல்லாமல் மடிக்கணினியிலேயே ஒரு சாதாரண நிரலாக ஓட்டலாம், சாண்ட்பாக்ஸ் என்பார்கள். அதற்குள் ஒரு பொய் பிமிக் சிப் இருக்கிறது! பொய் ஐடூசி கம்பியில், பொய் ரெஜிஸ்டர்களோடு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறது. டம்மி வாளை வைத்துக்கொண்டு பின்கட்டில் சண்டை பழகுவதுபோல. "எரியாது, புகையாது, புதுசு வாங்கக் காசும் கேக்காது," என்றார் தம்பி. தாய் பிள்ளைகளைச் சரியாகக் கண்டுபிடிக்கிறாளா என்பதைப் பொய் சிப்பில் பழகிப் பார்த்தோம். கண்டுபிடித்தாள்.

இடைவேளையில் தம்பி மாடி ஜன்னல் வழியாகப் பல்கலைக்கழகம் இருக்கும் திசையைக் காட்டினார். சிங்கப்பூர் சொந்தமாகக் கட்டிய முதல் செயற்கைக்கோள் எக்ஸ்-சாட் அங்கே உருவானது. 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் பிஎஸ்எல்வி சி16 அதைத் தூக்கிக்கொண்டு போனது. "மேலே போனப்புறம் ஒயர் கழண்டா யாரு போய் மாட்டுறது, சொல்லுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் அரைமணி நேரத்தில் குத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

பதினொன்றரை. புது யூ-பூட்டை மெமரி அட்டையில் எழுதி போர்டில் செருகினோம். நீல விளக்கு எரிந்தது. திரையில்... ஒன்றுமில்லை. ஒரு எழுத்துகூட இல்லை. அணைத்துப் போட்டார்கள். ஒன்றுமில்லை. அக்காவின் முகம் மாறியது. குட்டி வீட்டு ஃபங்ஷனைச் சந்தேகித்து வரிவரியாகப் படித்தார்கள். அட்டவணையைச் சந்தேகித்தார்கள். ரகசிய எண்ணைச் சந்தேகித்தார்கள். தம்பி தன் மேலேயே சந்தேகப்பட்டு நகம் கடித்தார். பழைய கோப்பைத் திரும்பப் போட்டும் பார்த்தார்கள், அதற்கும் அதே மௌனம். அங்கேதான் அக்கா நிமிர்ந்தார். போர்டைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

போர்டிலிருந்து மடிக்கணினிக்கு எழுத்துகளைக் கொண்டுவருவது மெல்லிய மூன்று ஒயர்கள். அதில் கறுப்பு ஒயர், கிரவுண்டு, கழன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, ஒரு அங்குலத்தில், என் வலது முழங்கை. போர்டு அரைமணி நேரமாகத் தன் பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லத்தான் அதற்கு வாய் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டதையும் அவர்கள் பெருந்தன்மையாகச் சிரித்ததையும் விட்டுவிடுகிறேன். தம்பியின் சிரிப்பில் பெருந்தன்மை கொஞ்சம் குறைவுதான்.

ஒயரை மாட்டி மறுபடி. எழுத்துகள் கொட்டின! நானே மறுபடி ஸ்பேஸ் அடித்து மறிக்க அனுமதி கிடைத்தது, கையைக் கட்டிக்கொண்டு ஒரு விரலால் மட்டும். அக்கா 'ரெகுலேட்டர் ஸ்டேட்டஸ்' என்று தட்டினார். பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்று பெயர் சொன்னார்கள். டிசிடிசி ஒன்று, எழுந்துவிட்டேன், பதினைந்து லட்சம். டிசிடிசி இரண்டு, எழுந்துவிட்டேன், பதினோரு லட்சம். டிசிடிசி மூன்று. எல்டிஓக்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல ஒரு மின் சிப் தன் வீட்டாரை எண்ணிச் சொல்வதை நடுராத்திரியில், ஒரு பதுங்கு அறையில், சம்பல் வாசனைக்கு நடுவே பார்த்தேன். தம்பி கைதட்டினார். அம்மா உள்ளேயிருந்து, "முடிஞ்சுதா, இல்லையா?" என்றார்.

முடியவில்லை. செய்ததை அப்படியே ஒரே மூட்டையாகச் சேமிக்க மாட்டார்களாம். முதல் மூட்டையில் இடமாற்றம் மட்டும், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. இரண்டாவதில் பெயர் மாற்றம். மூன்றாவதில்தான் புது வேலை. நாளை எவனாவது வந்து எது எப்போது கெட்டது என்று தேடினால் ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு மூட்டைக்கும் ஏன் செய்தோம் என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் ஒரு காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் பத்து நிமிஷம் வாதாடினார்கள். வரியில் நீளம் கூடினால், கடைசியில் வெற்றிடம் இருந்தால் அதட்டுவதற்கு செக்பேட்ச் என்று ஒரு வாத்தியார் நிரல் வேறு. அது மூன்று இடத்தில் அதட்டியது. 'சாமி' என்ற பெயரை அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்கா தானே அழித்தார், கொஞ்சம் தயங்கி.

ஒன்றரை மணிக்கு லினக்ஸை முழுதாக ஓடவிட்டார்கள். போர்டின் ஓரத்தில் குட்டி நீல விளக்கொன்று லப்-டப், லப்-டப் என்று இரண்டிரண்டாகத் துடிக்க ஆரம்பித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ரயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அக்கா என் கையில் முறுக்கு டப்பாவைத் திணித்தார். மின்தூக்கியில் திறந்து பார்த்தேன், முறுக்குதான் இருந்தது.

மறுநாள் காலை தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. போர்டு, கூடை, மூன்று ஒயர்கள். கறுப்பு ஒயரின் மேல் மஞ்சள் டேப் நான்கு சுற்று. டேப்பில் அக்காவின் கையெழுத்து: 'விருந்தாளி வந்தால் இதைத் தொடாத தூரத்தில் நாற்காலி போடவும்.'